முதல் பேஸ் கிதார் சொல்லித் தரும் மூன்று பாடங்கள்

மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டி என்று மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் திருவிழா இரவில் மெல்லிசைக் கச்சேரி பார்த்திருக்கிறீர்களா? மேடையில் முன்னால் பாடகர்கள் நிற்பார்கள். பின்னால் கீபோர்டு, தபேலா, டிரம்ஸ். ஓர் ஓரத்தில் ஒருவர் நீண்ட கழுத்துள்ள கிதாரை மாட்டிக்கொண்டு, அதிகம் அசையாமல் நிற்பார். அவருடைய கிதாரில் ஆறு கம்பிகள் இருக்காது; நான்குதான். அவர் என்ன வாசிக்கிறார் என்று கூட்டத்தில் கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் பாட்டின் நடுவே அவர் கையை எடுத்துவிட்டால், பாட்டு திடீரென்று மெலிந்துபோனதை எல்லோரும் உணர்வார்கள்.

அவர் கையில் இருப்பது பேஸ் கிதார். ‘பேஸ்’ என்றால் தாழ்ந்த சுரங்கள். நம் இசையில் மந்தர ஸ்தாயி என்கிறோமே, அந்தப் பகுதி. இக்கருவியை வாசிப்பவர்களிடம் அவர்களுடைய முதல் பேஸ் கிதாரைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அநேகமாக மூன்று செய்திகள் வரும். கம்பி தடித்திருந்தது, விரல் நுனிகள் கொப்பளித்துவிட்டன என்பது முதலாவது. வீட்டில் வாசித்தால் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்கவில்லை என்பது இரண்டாவது. கச்சேரியில் வாசித்தபோது ஒலிபெருக்கியில் தம் சுரம் வந்ததா இல்லையா என்றே தெரியவில்லை என்பது மூன்றாவது.

மூன்றும் மனக்குறைகள் போலத் தோன்றும். உண்மையில் மூன்றும் இயற்பியல் பாடங்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கம்பி ஏன் அவ்வளவு தடிப்பு?

சாதாரண கிதாரின் மிகத் தாழ்ந்த கம்பி நொடிக்கு ஏறத்தாழ 82 முறை அதிர்கிறது. அதாவது அதன் அதிர்வெண் 82 ஹெர்ட்ஸ். பேஸ் கிதாரின் மிகத் தாழ்ந்த கம்பிக்கு அது சரிபாதி, சுமார் 41 ஹெர்ட்ஸ். மற்ற மூன்று கம்பிகளின் அதிர்வெண்கள் ஏறத்தாழ 55, 73, 98 ஹெர்ட்ஸ். அதிர்வெண் பாதியானால் சுரம் ஒரு ஸ்தாயி கீழே இறங்கும்.

அதிர்வெண்ணைப் பாதியாக்க என்ன செய்யலாம்? பள்ளி ஆய்வுக்கூடத்தில் சுரமானியை வைத்துச் சோதித்த விதிகளை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பிரெஞ்சு அறிஞர் மெர்சேன் 1636-இல் வெளியிட்ட விதிகள் அவை. கம்பியின் நீளத்தை இரு மடங்காக்கலாம். அல்லது இழுவிசையை நான்கில் ஒரு பங்காகக் குறைக்கலாம். அல்லது ஒரு மீட்டர் கம்பியின் நிறையை நான்கு மடங்காக்கலாம்.

முதல் வழியை மட்டும் பின்பற்றினால் என்ன ஆகும்? சாதாரண கிதாரில் கம்பியின் அதிரும் நீளம் சுமார் 65 செ.மீ. இரு மடங்கு என்றால் 130 செ.மீ. கழுத்தின் கோடிக்குக் கை எட்டாது. இரண்டாவது வழியை மட்டும் பின்பற்றினால் கம்பி துணி காயப்போடும் கொடி போலத் தொய்ந்து, மெட்டுகளில் இடித்துக் கடகடக்கும். ஆகவே கருவி செய்பவர்கள் ஒரு சமரசத்துக்கு வந்தார்கள். நீளத்தைச் சுமார் 86 செ.மீ. ஆக்கினார்கள். கம்பியை மிகவும் கனமாக்கினார்கள். ஒரு மீட்டருக்குள்ள நிறை சாதாரண கிதார்க் கம்பியைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு ஆயிற்று. அது தொய்யாமல் இருக்க இழுவிசையையும் இரு மடங்குக்குச் சற்று மேலாகக் கூட்டினார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், அதிர்வெண் பாதிக்கு வந்துவிடும்.

கனத்த கம்பி, கூடுதல் இழுவிசை. விரல் கொப்பளித்த காரணம் இதுதான். நான்கு கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையுடன் கருவியின் கழுத்தை இழுக்கின்றன. வளர்ந்த ஒரு மனிதர் அதில் இரவும் பகலும் தொங்குவது போல! மரம் வளைந்துவிடாமல் இருக்கக் கழுத்துக்குள் ஓர் இரும்புத் தண்டு வைக்கப்பட்டிருக்கும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. தடித்த எஃகுக் கம்பியை அப்படியே பூட்டினால் அது கம்பியாக நடந்துகொள்ளாது. விறைப்பான இரும்புக் கோல் போல அதிரும். அதன் மேற்சுரங்கள் சுருதி விலகிவிடும். எனவே நடுவில் மெல்லிய எஃகுக் கம்பி ஒன்றை வைத்து, அதன்மேல் வேறொரு கம்பியை நெருக்கமாகச் சுற்றுகிறார்கள். நிறை கூடும்; விறைப்பு அவ்வளவாகக் கூடாது. வீணையைக் கவனித்தவர்களுக்குத் தடித்த கம்பி புதிதல்ல. அதிலும் சாரணியைவிட மந்தரமும் அனுமந்தரமும் தடித்தவைதாமே?

வீட்டில் ஏன் கேட்கவில்லை?

கம்பி எவ்வளவு வேகமாக அதிர்ந்தாலும் அது காற்றைக் கிழித்துக்கொண்டு போகுமே தவிர, அதிகக் காற்றைத் தள்ளாது. வீணையில் கம்பியின் அதிர்வைக் குடத்தின் மேல்பலகை வாங்கி, தன் பரப்பு முழுவதாலும் காற்றைத் தள்ளுகிறது. பேஸ் கிதாரில் குடம் இல்லை. பெரும்பாலும் கெட்டி மரம்தான். ஆகவே தனியே வாசித்தால் அது ஏறக்குறைய ஊமை.

அதைப் பேச வைப்பது, கம்பிகளுக்கு அடியில் உள்ள ‘பிக்கப்’ என்ற சிறு பகுதி. அதற்குள் நிலைக்காந்தங்களும், அவற்றைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகளாக மெல்லிய செம்புக் கம்பியும் இருக்கின்றன. மேலே உள்ள எஃகுக் கம்பி காந்தத்தின் அருகில் இருப்பதால் தானும் காந்தத் தன்மை பெறுகிறது. அது அதிரும்போது சுருளின் ஊடே செல்லும் காந்தப்பாயம் கூடிக் குறைகிறது. உடனே சுருளில் அதே அதிர்வெண்ணில் மின்னழுத்தம் தோன்றுகிறது. 1831-இல் மைக்கேல் பாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் இதுவே. சைக்கிள் டைனமோ விளக்கை எரிய வைப்பதும் இதே விதியால்தான். மிகச் சிறிய இந்த மின்குறிப்பைப் பெருக்கி வலுவாக்க, ஒலிபெருக்கி ஒலியாக மாற்றுகிறது.

இந்தக் கருவி பிறந்த கதையும் ‘கேட்கவில்லை’ என்ற குறையில்தான் தொடங்குகிறது. மேலைநாட்டு இசைக் குழுக்களில் தாழ்ந்த சுரத்துக்கு ஆள் உயரமான ‘டபுள் பேஸ்’ என்ற கருவி இருந்தது. தூக்கிச் செல்வது பெரும்பாடு. டிரம்ஸும் எக்காளங்களும் முழங்கினால் அதன் ஒலி அமுங்கிவிடும். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பால் டுட்மார்க் என்பவர் 1930-களிலேயே கிதார் போல மாட்டிக்கொண்டு வாசிக்கும் மின் பேஸ் ஒன்றைச் செய்தார், அது பரவவில்லை. 1951-இல் கலிபோர்னியாவில் லியோ பெண்டர் வெளியிட்ட ‘பிரிசிஷன் பேஸ்’ தான் உலகெங்கும் பரவியது. ‘பிரிசிஷன்’ என்றால் துல்லியம். டபுள் பேஸில் மெட்டுகள் இல்லை. இதில் மெட்டுகள் இருந்ததால் விரல் வைத்த இடத்தில் சுரம் துல்லியமாக நின்றது. அதனால் இந்தப் பெயர்.

முதல் பேஸ் கிதாரை ஒரு கலைஞர் எவ்வளவு நினைவில் வைத்திருப்பார் என்பதற்கு ஒரு சான்று. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் சுமார் 30 பவுனுக்கு ஒரு ஹோப்னர் பேஸ் வாங்கினார். அவர் இடக்கைக்காரர். வயலின் போல இருபுறமும் ஒத்த வடிவம் கொண்ட அந்தக் கருவியைத் திருப்பிப் பிடித்தாலும் விகாரமாகத் தெரியாது. 1972-இல் அது ஒரு வண்டியிலிருந்து திருடு போயிற்று. பெரும் புகழும் செல்வமும் வந்த பிறகும் அந்த மலிவான கருவியைத் தேடுவது நிற்கவில்லை. இங்கிலாந்தில் ஒரு வீட்டுப் பரணில் கிடந்த அது, அவரிடம் திரும்பி வந்துவிட்டதாக 2024-இல் அறிவிக்கப்பட்டது. இடையில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன!

ஒலிபெருக்கியில் ஏன் வரவில்லை?

இனி மூன்றாவது செய்திக்கு வருவோம். இதற்கு நாம் மதுரைப் பக்கமே திரும்ப வேண்டும்.

அன்றைய மதுரை மாவட்டத்தில், இன்றைய தேனி மாவட்டத்தில் உள்ளது பண்ணைப்புரம். அங்கே பிறந்த இளையராஜா, தம் அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவோடு ஊர் ஊராகச் சென்று வாசித்தவர். பின்பு சென்னையில் மற்ற இசையமைப்பாளர்களுக்குக் கிதார் வாசித்தார். 1976-இல் ‘அன்னக்கிளி’ படத்தின் மூலம் இசையமைப்பாளர் ஆனார். ஒவ்வொரு கருவியும் வாசிக்க வேண்டியதை அவரே சுரக்குறிப்பாக எழுதித் தருவது வழக்கம். அவருடைய பல பாடல்களில் பேஸ் கிதார் பாட்டுக்கு முட்டுக் கொடுப்பதோடு நிற்காமல், அடியில் இன்னொரு மெட்டாகவே நடக்கும். அவற்றில் பலவற்றுக்குப் பேஸ் வாசித்தவர் சசிதரன்.

இந்தப் பாடல்களை அன்றைய மக்கள் எதில் கேட்டார்கள்? தேநீர்க் கடை வானொலியிலும், கல்யாண வீட்டு வேப்பமரத்தில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கியிலும்தான் பெரும்பாலும் கேட்டார்கள். இங்கேதான் சிக்கல்.

மதுரைக் கோடையில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் செல்லும். இதை 41-ஆல் வகுத்தால், பேஸ் கிதாரின் தாழ்ந்த சுரத்தின் அலைநீளம் கிடைக்கும்: ஏறத்தாழ 8.5 மீட்டர். உங்கள் வகுப்பறை அவ்வளவு நீளம் இருக்குமா? இவ்வளவு நீண்ட அலையை எழுப்ப நிறையக் காற்றை அசைக்க வேண்டும். ஒரே அளவு ஒலி ஆற்றலுக்கு, அதிர்வெண் பாதியானால் ஒலிபெருக்கியின் தாள் நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் நகர வேண்டும். மூன்று ஸ்தாயி கீழே போனால் 4 × 4 × 4 = 64 மடங்கு! உள்ளங்கை அளவுள்ள வானொலித் தாளால் இது முடியாது. கூம்பு ஒலிபெருக்கியின் நிலை இன்னும் மோசம். சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே அது அனேகமாக வாயடைத்துப் போகும். போதாக்குறைக்கு நம் காதும் தாழ்ந்த சுரங்களுக்குக் கொஞ்சம் மந்தமானது. 1933-இல் பிளெச்சர், மன்சன் என்ற இரு அறிவியலார் இதை அளந்து காட்டினார்கள்.

அப்படியானால் பேஸ் வாசித்தவரின் உழைப்பு வீண்தானா? இல்லை. மக்கள் அந்தச் சுரத்தைக் கேட்டார்கள். வராத சுரத்தை எப்படிக் கேட்க முடியும்?

விடை கம்பியிலும் இருக்கிறது, நம்மிடமும் இருக்கிறது. 41 ஹெர்ட்ஸ் கம்பி அந்த ஓர் அதிர்வெண்ணில் மட்டும் அதிர்வதில்லை. இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு மடங்கான 82, 123, 164, 205, 246 ஹெர்ட்ஸ் என்ற மேற்சுரங்களையும் சேர்த்தே எழுப்புகிறது. சிறிய வானொலி முதல் மூன்றை விழுங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். காதுக்கு வருபவை 164, 205, 246. இவற்றுக்கு இடையே உள்ள வேறுபாட்டைப் பாருங்கள்: 41, 41! இந்த ஒழுங்கைச் செவியும் மூளையும் சேர்ந்து கண்டுபிடித்து, இவை எல்லாம் 41 ஹெர்ட்ஸ் சுரத்தின் பிள்ளைகள் என்று முடிவு செய்கின்றன. நமக்குக் கேட்பது அந்தத் தாழ்ந்த சுரம். ஜெர்மானிய அறிஞர் ஆகஸ்ட் சீபெக் 1840-களிலேயே சங்கொலிக் கருவியைக் கொண்டு இந்த விந்தையைக் காட்டினார்.

இதை நீங்களும் அறியாமலே அனுபவித்திருக்கிறீர்கள். பழைய தொலைபேசி இணைப்பு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியை மட்டுமே கடத்தியது. ஆண் குரலின் அடிப்படை அதிர்வெண்ணோ 100 முதல் 150 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். அது கம்பி வழியே வரவே இல்லை. ஆனாலும் அப்பாவின் குரல் அப்பாவின் கனத்த குரலாகவே கேட்டது!

ஆனால் ஒரு குறை உண்டு. காது சுரத்தை ஊகித்துக்கொள்ளும். அதன் கனத்தை ஊகிக்க முடியாது. பெரிய ஒலிபெருக்கியின் முன் நின்றால் நெஞ்சுக்கூடு அதிர்கிறதே, அந்த அனுபவம் சிறிய வானொலியில் கிடைக்காது. அந்நாளில் தேநீர்க் கடையில் கேட்டு வளர்ந்த பலர், பின்னாளில் நல்ல ஒலிக்கருவியில் அதே பாடல்களைக் கேட்டபோது, இப்படி ஒருவர் அடியில் வாசித்துக்கொண்டிருந்தாரா என்று வியந்ததுண்டு. கம்பி அன்றும் அதிர்ந்தது. முழுதாகக் கொண்டுவந்து சேர்க்கத்தான் ஆளில்லை.

செய்து பாருங்கள்

1. கிணற்றுத் தாம்புக்கயிறு ஒன்று, மெல்லிய சணல் ஒன்று எடுத்து, ஒரே நீளத்தில் ஜன்னல் கம்பியில் கட்டுங்கள். இரண்டையும் ஒரே அளவு விசையுடன் இழுத்துப் பிடித்து, ஒரு சுண்டு சுண்டுங்கள். துடிப்பு எதில் மெதுவாகச் செல்கிறது? பேஸ் கம்பி மெதுவாக அதிர்வதன் காரணம் உங்கள் கையிலேயே தெரியும்.

2. பேஸ் கிதார் நன்கு ஒலிக்கும் ஒரு பாடலைக் கைபேசியின் சொந்த ஒலிபெருக்கியில் கேளுங்கள். பிறகு அதையே நல்ல ஹெட்போனில், அளவான ஒலியில் கேளுங்கள். எந்தச் சுரங்கள் புதிதாக வந்தன? இரண்டிலும் கேட்டவை எவை? எழுதி வையுங்கள்.

3. ஒரு கேள்வி: பேஸ் கிதாரில் எஃகுக் கம்பிக்குப் பதிலாக நைலான் கம்பி பூட்டினால் காந்தப் பிக்கப்பிலிருந்து என்ன ஒலி வரும்? பாரடேயின் விதியைக் கொண்டு விடை காணுங்கள்.

அடுத்த திருவிழாக் கச்சேரியில், இடைவேளையின்போது மேடையருகே சென்று அந்த ஓரத்துக் கலைஞரிடம் அவருடைய முதல் பேஸ் கிதாரைப் பற்றிக் கேளுங்கள். அவர் எந்தப் பாடத்தில் தொடங்குகிறார் என்று பாருங்கள்.