சொந்தத் தொழில்: எண்ணம் எங்கே பிறக்கிறது?

கொல்கத்தாவின் பெஹாலா சௌரஸ்தாவில் மாலையில் ஒரு எக் ரோல் கடை முன்னால் நின்று பாருங்கள். கல்லில் பரோட்டாவைப் போட்டு, முட்டையை உடைத்து ஊற்றி, வெங்காயமும் பச்சைமிளகாயும் தூவி, காகிதத்தில் சுருட்டிக் கொடுப்பார் கடைக்காரர். வாங்கிச் சாப்பிடுபவர்களில் யாரோ ஒருவருக்குத்தான் "இதை நாமும் செய்யலாமே" என்று தோன்றும். அவருக்கு மட்டும் ஏன்?

மனிதரின் எண்ணங்களைப் பற்றி உளவியலாளர் ஐசக் அய்சன் 1991-இல் விரிவாக எழுதிய கோட்பாட்டைத்தான் தொழில்முனைவு ஆய்வாளர்கள் அதிகம் கையாளுகிறார்கள். ஓர் எண்ணம் பிறக்க அது மூன்று காரணங்களைச் சொல்கிறது.

முதலாவது, விருப்பம். சொந்தத் தொழில் நமக்கு நல்லது என்று மனம் நினைக்க வேண்டும்.

இரண்டாவது, சுற்றியிருப்பவர்களின் சொல். மாதச் சம்பள வேலையை வங்காளத்தில் 'சாக்ரி' என்பார்கள். நம் வீடுகளைப் போலவே அங்கும் அதற்குத்தான் மரியாதை. வேதியியல் பேராசிரியர் பிரபுல்ல சந்திர ராய் இதைக் கண்டு வருந்தினார். படித்த இளைஞர்கள் குமாஸ்தா வேலையையே நம்பியிருக்கக் கூடாது என்று ஓயாமல் பேசினார். பேசியதோடு நிற்காமல், 1892-இல் தாம் குடியிருந்த வாடகை வீட்டிலேயே மருந்து தயாரிக்கத் தொடங்கினார். அதுவே பெங்கால் கெமிக்கல்ஸ் நிறுவனமாக வளர்ந்தது.

மூன்றாவது, "என்னால் முடியும்" என்ற நம்பிக்கை. இது பேச்சைக் கேட்டு மட்டும் வருவதில்லை. மாவு என்ன விலை, எந்த நேரத்தில் கூட்டம் வரும், மீந்ததை என்ன செய்வது என்று பக்கத்திலிருந்து பார்த்தவருக்கே அதிகம் வரும். வியாபாரக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் துணிச்சல் எளிதாக வருவது இதனால்தான்.

இவை மூன்றும் இருந்தும் எண்ணம் தூங்கிக் கிடக்கலாம். வேலை போவது, ஊர் மாறுவது போன்ற ஒரு திருப்பம் அதைத் தட்டி எழுப்பும் என்று ஆய்வாளர்கள் ஷபீரோவும் சோகோலும் 1982-இல் எழுதினார்கள். பெஹாலாவை ஒட்டிய தாராதலாவில் பிரிட்டானியாவின் பழைய பிஸ்கட் தொழிற்சாலை 2024-இல் மூடப்பட்டது. அப்படிப்பட்ட நாளில் ஒருவர் தேநீர்க்கடை பற்றி யோசிப்பார், இன்னொருவர் அடுத்த வேலையைத் தேடுவார். கையில் சேமிப்பு எவ்வளவு, வீட்டார் துணை உண்டா, தொழில் பழக்கம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தே அந்த முடிவு அமையும்.

தொழில் ஆசை பிறவிக் குணம் மட்டுமல்ல, அதை வளர்க்கலாம். ஆசை இருப்பவர்கள் முதலில் ஒரு மாதம் யாருடைய கடையிலாவது நின்று கற்றுக்கொள்ளுங்கள். பெற்றோர்களே, பிள்ளை தொழில் என்று வாயெடுத்தால் "உனக்கெதற்கு?" என்று அடக்காதீர்கள். "எப்படிச் செய்யப் போகிறாய்?" என்று கேளுங்கள்.