மனத்தைத் திருப்பிக் கொண்டுவரும் பயிற்சி



1877-ஆம் ஆண்டு கோலா கங்சாரில் நடப்பட்ட ரப்பர் கன்றுகளுள் ஒன்று இன்றும் மரமாக நிற்கிறது. தலைமுறை தலைமுறையாகப் பால்மரம் வெட்டிய நம் மக்களுக்கு ஓர் உண்மை தெரியும். கை பட்டையைச் சீவும்போது மனம் வீட்டுக் கடனில் இருந்தால், கத்தி ஆழமாக இறங்கி மரத்தில் காயம் விழும். போன மனத்தை மறுபடியும் கத்தி முனைக்குக் கொண்டுவர வேண்டும்.

மனச்சோர்வு நோய்க்கு இன்று தரப்படும் ஒரு சிகிச்சையின் அடிப்படையும் இதுதான். இதை மனக்கவனப் பயிற்சி எனலாம். புத்த சமயத் தியானத்திலிருந்து பிறந்த இதனை, 1979-இல் அமெரிக்காவில் ஜான் கபாட்-ஜின் என்பவர் எம்மதத்தவரும் பயிலத்தக்க வகுப்பாக அமைத்தார். இப்போது எட்டு வாரம் நடைபெறுகிறது.

பயிற்சி எப்படி? அமைதியாக அமர்ந்து மூச்சைக் கவனிக்கிறோம். சிறிது நேரத்தில் மனம் நேற்றைய சண்டைக்கோ நாளைய செலவுக்கோ ஓடிவிடும். ஓடியதை உணர்ந்து, நம்மை நாமே திட்டிக் கொள்ளாமல், மூச்சுக்குத் திரும்புகிறோம். அவ்வளவுதான்.

இதனால் என்ன பயன்? மனச்சோர்வில் 'நான் எதற்கும் உதவாதவன்' என்ற ஓர் எண்ணம் பத்து எண்ணங்களை இழுத்து வரும். பழகியவரோ, 'இது வெறும் எண்ணம்' என்று கண்டுகொண்டு, அதன் பின்னால் போகாமல் நின்றுவிடுகிறார்.

பலன் உண்டா என்று சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். மூன்று முறையோ அதற்கு மேலோ மனச்சோர்வு கண்ட 424 பேரை வைத்து இங்கிலாந்தில் நடந்த ஆய்வு 2015-இல் வெளியானது. ஒரு பிரிவினர் மாத்திரையைத் தொடர்ந்தனர். மறு பிரிவினர் பயிற்சி பெற்று, மருத்துவர் துணையோடு மாத்திரையைக் குறைத்தனர். இரண்டாண்டுகளில் மாத்திரைப் பிரிவில் 100-க்கு 47 பேருக்கும், பயிற்சிப் பிரிவில் 44 பேருக்கும் நோய் திரும்பியது. அதாவது, இரண்டும் ஏறத்தாழ ஒரே பலன் தந்தன. முழுக் காப்பு எதிலும் இல்லை.

ஆகவே, இதைக் கேட்டுவிட்டு யாரும் தாமாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. பயிற்சியின்போது கலக்கம் மிகுந்தால் உடனே சொல்லிவிட வேண்டும்.

பேராக்கில் 'தஞ்சோங் ரம்புத்தான்' என்று சொல்லியே கேலி செய்வார்கள். 1911-இல் அங்கே தொடங்கிய மனநல மருத்துவமனையின் இன்றைய பெயர் பஹாகியா. மகிழ்ச்சி என்று பொருள். கேலிக்கு அஞ்சி நோயை மறைப்பதே பெருந்தீங்கு. தூக்கம், பசி, வேலையில் நாட்டம் இரண்டு வாரமாகக் குறைந்திருந்தால் அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். 15555 என்ற அரசாங்கத் தொலைபேசி எண்ணிலும் பேசலாம்.

மரத்தின் காயத்துக்கு மருந்திடுகிறோம். மனத்தின் காயத்துக்கு வெட்கப்படுவானேன்?