தானே தண்ணி குடிக்கும் தொட்டியும் ஒரு உப்புக் கணக்கும்

தைப் பட்டத்தில் மொட்டைமாடியில் ஏழு தக்காளி வெச்சேன். ஐந்து, தானே நீர் எடுத்துக்கொள்ளும் தொட்டிகளில். இரண்டு, சாதாரண குரோ பேக்கில். முதல் ரெண்டு மாசம் தொட்டிச் செடிகள்தான் ராஜா. பங்குனி பிறந்ததும் கதை மாறியது. இலை ஓரம் கருகியது, பூ உதிர்ந்தது, காய்களின் அடிப்பக்கம் கறுத்து அமுங்கியது. பக்கத்திலேயே, தினமும் ஹோஸ் பிடித்து ஊற்றி பாதித் தண்ணீரை ஒழுகவிட்ட குரோ பேக் செடிகள் நன்றாகவே இருந்தன. விதை ஒன்று, வெயில் ஒன்று, தண்ணீரும் ஒன்று. அப்படியானால் வித்தியாசம் எங்கே? தேடியதில் கிடைத்ததுதான் இந்தக் குறிப்பு.

முதலில் தொட்டியின் அமைப்பு. ரெண்டு 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட்டை ஒன்றுக்குள் ஒன்று வைக்கிறோம். அடிகளுக்கு நடுவே 8 செ.மீ. இடைவெளி வருவது போல ஒரு டப்பாவைக் கவிழ்த்துவிடணும். அந்த இடைவெளிதான் தண்ணீர்த் தேக்கம். உள் பக்கெட்டின் அடியிலிருந்து ஓட்டை போட்ட ஒரு தயிர்க் கப் தண்ணீருக்குள் இறங்கும். அதில் அடைத்த மண் கலவைதான் திரி. மேலிருந்து தேக்கத்துக்கு ஒரு பிவிசி குழாய், நிரப்ப. தேக்கத்தின் மேல்மட்டத்தில் பக்கவாட்டில் ஒரு ஓட்டை, அதிகமானது வெளியேற. குழாய் வாய்க்கும் ஓட்டைக்கும் கொசுவலைத் துணி கட்டாயம். இல்லையென்றால் நாம் வளர்ப்பது தக்காளி இல்லை, டெங்குக் கொசு.

தண்ணீர் மேலே ஏறுவது நுண்துளை ஈர்ப்பால். ஜேம்ஸ் ஜூரின் 1718-ல் சொன்ன விதிதான்: துளை எவ்வளவு சிறியதோ, தண்ணீர் அவ்வளவு உயரம் ஏறும். துளையின் ஆரம் 0.1 மி.மீ. என்றால் ஏறக்குறைய 15 செ.மீ. ஏறும். 1 மி.மீ. என்றால் ஒன்றரை செ.மீ.தான். அதனால்தான் இந்தத் தொட்டியில் அடியில் ஜல்லி போடக் கூடாது, திரியே அறுந்துபோகும். வெறும் களிமண்ணும் ஆகாது. துளை ரொம்பச் சிறுத்து, எல்லாவற்றிலும் தண்ணீரே நின்றுவிடும், வேருக்குக் காற்று கிடைக்காது. தென்னை நார்க்கழிவு பாதி, மக்கிய உரம், கொஞ்சம் செம்மண், இது எனக்குச் சரியாக வந்தது. நார்க்கழிவுக் கட்டியை ரெண்டு மூணு முறை அலசிப் பிழிந்துவிட்டுப் போடணும். அதிலேயே உப்பு இருக்கும்.

உப்பு என்று வந்துவிட்டது. விஷயமே அதுதான்.

இந்த வகைத் தொட்டியைப் பிரபலமாக்கியது அமெரிக்காவின் எர்த்பாக்ஸ். ஃபுளோரிடாவில் தக்காளி விவசாயியாக இருந்த பிளேக் விசனன்ட் 1990களில் கொண்டுவந்தது. அதில் உரத்தை மேலே ஒரு பட்டையாக வைத்து பிளாஸ்டிக் உறை போட்டு மூடுவார்கள். மழை உள்ளே போகாது, உரம் அடித்துக்கொண்டு போகாது. உள்ளே போனது எதுவும் வெளியே வராது என்பதுதான் அதன் பெருமை. நல்ல தண்ணீர் கிடைக்கும் ஊரில் அது பெருமைதான். போர் தண்ணீர் ஊற்றுகிற ஊரில் அதே குணம் வேறு வேலை செய்கிறது.

என் வீட்டு போர் தண்ணீரின் டிடிஎஸ் 1200. லிட்டருக்கு 1.2 கிராம் கரைந்த உப்புகள். காய்க்கிற தக்காளிச் செடி கோடையில் நாளைக்கு 2 லிட்டர் குடிக்கிறது (தேக்கத்தை நிரப்பியே அளந்தேன்). 90 நாளில் 180 லிட்டர். உப்பு 216 கிராம். செடி தண்ணீரை ஆவியாக விட்டுவிடும், உப்பை விடாது. கால்சியம், மெக்னீசியத்தில் கொஞ்சம் செடிக்குள் போகும், கொஞ்சம் சுண்ணாம்பாகப் படியும். பாதி அப்படிப் போனதாகவே வைப்போம். மீதி 108 கிராம். தொட்டி மண் பிடித்து வைத்திருக்கும் தண்ணீர் 7 லிட்டர் என்றால், லிட்டருக்கு 15 கிராம். கடல் தண்ணீரில் 35. அதாவது முக்கால் வாசி வழி கடலை நோக்கிப் போகவில்லை, ஆனால் பாதி வழிக்குக் கிட்டத்தட்ட வந்தாச்சு.

நிஜத்தில் உப்பு சமமாகப் பரவாது. தண்ணீர் கீழிருந்து மேலே போய் அங்கே ஆவியாவதால் மேல்பரப்பில்தான் சேரும். ஒரு பங்கு மண்ணை ஐந்து பங்கு ஆர்ஓ தண்ணீரில் கலக்கி வடிகட்டி மீட்டரை வைத்துப் பார்த்தேன். அடி மண்ணை விட மேல் மண் ஐந்து மடங்குக்கு மேல் காட்டியது. நான் பூஞ்சை என்று நினைத்துச் சுரண்டிப் போட்ட வெள்ளைப் பொருக்கு உப்புதான். வேரைச் சுற்றி உப்பு கூடினால் ஈரம் இருந்தும் செடியால் தண்ணீரை இழுக்க முடியாது. தண்ணீரோடு போகவேண்டிய கால்சியமும் காய்க்குப் போய்ச் சேராது. அடி கறுத்ததற்கு விடை அது.

இதில் இன்னொரு பங்கும் இருந்தது. அம்மா ஆர்ஓ கழிவுத் தண்ணீரைப் பிடித்து வைத்து இந்தத் தொட்டிகளில்தான் ஊற்றிக்கொண்டிருந்தார். 2019 கோடையில் லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றவர். ஒரு குடம் வீணானாலும் மனசு கேட்காது. ஆனால் மூணு லிட்டர் உள்ளே போய் ஒரு லிட்டர் குடிநீராக வந்தால், மூணு லிட்டரின் உப்பும் மீதி ரெண்டு லிட்டரில்தான் இருக்கும். 1200 என்பது 1800 ஆகிவிடும். சிக்கனமும் சிக்கனமும் சேர்ந்து செடியைக் கொன்றிருக்கிறது. குரோ பேக் பிழைத்தது ஒழுகியதால்.

ஆடியில் மாற்றியவை இவை:

1. வெளி பக்கெட்டின் அடியில் ஒரு ஓட்டை, மூடி போட்டு. மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து, தொட்டிக் கொள்ளளவுக்கு ரெண்டு மடங்கு தண்ணீரை மேலிருந்து மெதுவாக ஊற்றுவது. போர் தண்ணீரில் கழுவினால் 1200-க்குக் கீழே இறங்காது, ஆனால் சேர்ந்திருக்கும் உப்போடு பார்த்தால் அது எவ்வளவோ மேல்.

2. ஏசித் தண்ணீர் முழுக்கத் தொட்டிக்கு. அதில் உப்பு அநேகமாக இல்லை. ஆர்ஓ கழிவு பாத்ரூம் கழுவ.

3. ஐப்பசி, கார்த்திகை மழையில் உறையை எடுத்துவிடுவது. இதைவிட நல்ல கழுவல் இல்லை.

4. பயிர்த் தேர்வு. 1977-ல் மாஸ், ஹாஃப்மன் இருவரும் வெளியிட்ட அட்டவணைப்படி மண்ணின் உப்பு அளவு (மின்கடத்துதிறனில்) பீன்ஸுக்கு 1.0 தாண்டினாலே விளைச்சல் குறையும். மிளகாய், குடைமிளகாய்க்கு 1.5, தக்காளிக்கு 2.5, பீட்ரூட்டுக்கு 4.0. டிடிஎஸ் கூடுதலாக இருப்பவர்கள் பீன்ஸில் ஆரம்பிக்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. தேக்கம் 4 லிட்டர்தான். காய்க்கிற தக்காளிக்கு அது ரெண்டு நாள். இந்தத் தொட்டியை நம்பி பத்து நாள் ஊருக்குப் போக முடியாது. போகணும் என்றால் பெரிய டிரம்மும் மிதவை வால்வும் வேண்டும்.

கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் விட அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. கீழே ஒரு தென்னை நிற்கிறது, உப்பைத் தாங்கும் மரம். ஐந்து தொட்டிகளிலிருந்தும் ஒரு குழாய் போட்டு அதன் பாத்திக்கு விட்டிருக்கிறேன். இப்போது மாதக் கழுவலை ஞாபகப்படுத்துவதே அவர்தான்.