ஓணானில் தொடங்கிய கேள்வி

ஆடி மாதம் இடுக்கி மலையின் சாந்தன்பாறை ஏலத்தோட்டங்களில் தரை காய்வதே இல்லை. நாள் முழுக்கச் சேற்றில் நிற்கிறவர்களில் அட்டைக்கடியைப் பொருட்படுத்தாதவர்கள்கூட எலிப்பனி எனும் எலிக்காய்ச்சல் என்றால் அஞ்சுவார்கள். எலி, மாடு, நாய் ஆகியவற்றின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து அதைத் தரும் லெப்டோஸ்பைரா கிருமி காலின் வெடிப்பு வழியே உடம்புக்குள் போய்விடும். காய்ச்சல் தணிந்து சில வாரங்களோ மாதங்களோ கழித்துக் கண் சிவந்து பார்வை மங்குவதும் உண்டு.

1993 இறுதியில் பெய்த பெருமழைக்கும் வெள்ளத்துக்கும் பிறகு, இப்படிக் கண் பாதிக்கப்பட்ட பலர் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வந்தார்கள். அந்த அழற்சிக்குக் காரணம் லெப்டோஸ்பைரா என்று மருத்துவர் எஸ்.ஆர். ரத்தினமும் சக ஆய்வாளர்களும் 1997இல் எழுதினார்கள். நோயை உறுதிசெய்வதில்தான் சிரமம் இருந்தது. வழக்கமான ரத்தச் சோதனைக்கு, உயிருள்ள கிருமி வகைகளை ஆய்வகத்தில் ஓயாமல் வளர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கிருமியின் மேலுறையில் உள்ள லிப்போபாலிசாக்கரைடைக் கொண்டு இந்தக் கண்நோயாளிகளை அடையாளம் காணும் முறையை ஒரு மதுரைக் குழு 2003இல் மதிப்பிட்டு வெளியிட்டது. அந்தக் குழுவில் இருந்தவர் நோயெதிர்ப்பியல் அறிஞர் வி.ஆர். முத்துக்கருப்பன்.

சாந்தன்பாறையிலிருந்து பூப்பாறை, போடிமெட்டு, தேனி வழியாக மதுரைக்கு வைத்தியத்துக்குப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்? தெரிந்திருக்க வேண்டிய பெயர் இது.

அவருடைய ஆய்வு வாழ்க்கையும் கண்ணிலேயே தொடங்குகிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் அவர்பாக் சுண்டெலிக் கருவின் உறுப்புகள் உருவாகும் விதத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். கருவில் கண்வில்லை எப்படி உருவாகிறது என்று அங்கே முத்துக்கருப்பன் ஆராய்ந்து எழுதிய கட்டுரை 1965இல் வந்தது. அவர்பாக்கின் இன்னொரு அக்கறை தைமஸ் சுரப்பி. மார்புக்கூட்டுக்குள் இருக்கும் அந்தச் சுரப்பி எதற்கு என்றே தெரியாமல் இருந்த நிலையை, ஜாக் மில்லர் 1961இல் சுண்டெலிகளில் செய்த ஆய்வுதான் மாற்றியது. எதிர்ப்பாற்றலுக்கு அடிப்படையே அதுதான் என்று தெரிந்தது.

அப்படியானால் ஊர்வனவற்றுக்கு? இந்தக் கேள்விக்கு முத்துக்கருப்பன் தேர்ந்தெடுத்த விலங்கு, வேலிதோறும் தலையாட்டும் ஓணான். சிறுவர்கள் கல்லெறியும் அந்தப் பிராணியை அவரும் மாணவர்களும் ஆண்டுக்கணக்கில் படித்தார்கள். ஓர் ஓணானின் தோலை இன்னொன்றின் மேல் ஒட்டினால் உடம்பு அதை ஏற்காமல் தள்ளிவிடுவதை 1969இல் காட்டினார்கள். முட்டைக்குள் கரு வளரும் கட்டங்களை 1970இல் வரிசைப்படுத்தினார்கள். பரபரப்பில்லாத வேலைதான், ஆனால் பல்லியினக் கருவளர்ச்சியை ஆராய்கிறவர்கள் பல பத்தாண்டுகளாக அந்த வரிசையை மேற்கோள் காட்டுகிறார்கள். ஊர்வனவற்றுக்கு நம்மைப் போல நிணநீர்க் கணுக்கள் இல்லை. மண்ணீரல்தான் பெருஞ்சுமையைத் தாங்குகிறது. அந்த மண்ணீரலில் தைமஸை நம்பியிருக்கும் பகுதிகளை 1977இல் அவரும் மாணவர் ஆர்.எம். பிச்சப்பனும் அடையாளம் காட்டினார்கள். எதிர்ப்பாற்றலின் பரிணாமத்தைப் பேசுகிறவர்களுக்கு இது முக்கியமான சான்று.

1979இல் அவர்பாக்கோடு சேர்ந்து அவர் எழுதி 'சயின்ஸ்' இதழில் வந்த கட்டுரை வேறு திசையில் போனது. புற்றுக்கட்டி தனக்கு வேண்டிய ரத்தக் குழாய்களைத் தானே வரவழைத்துக்கொள்கிறது என்று ஜூடா ஃபோக்மன் 1971இல் சொல்லியிருந்தார். கருவிழியில் இயல்பாக ரத்தக் குழாய் கிடையாது. அதனால் அங்கே கட்டித் துண்டை வைத்துப் பார்த்தால், புதிதாக முளைக்கும் குழாய் பளிச்சென்று தெரிந்துவிடும். முயலின் கண்ணில் செய்துவந்த இந்தச் சோதனையை முத்துக்கருப்பனும் அவர்பாக்கும் சுண்டெலியின் கண்ணில் செய்து காட்டினார்கள். சுண்டெலியின் கருவிழி மிகச் சிறியது, கையாள்வது கடினம். ஆனால் மரபு ஒத்த சுண்டெலி வகைகள் கிடைப்பதால் கட்டியையும் அதைத் தாங்கும் உடம்பையும் பொருத்திப் பார்க்க முடியும். ரத்தக் குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் மருந்துகளைத் தேடிய ஆய்வகங்களுக்குச் சுண்டெலிக் கருவிழி பெரிதும் பயன்பட்டது. அத்தகைய மருந்தான பெவாசிசுமாப் 2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் அவர் வளர்த்த நோயெதிர்ப்பியல் மரபில் வந்தவர்கள் பல துறைகளுக்குள் போனார்கள். அவரே பிற்காலத்தில் அரவிந்தின் ஆய்வகத்தில் கருவிழியோரத் தண்டு செல்களை இனங்காணும் வழியைத் தேடினார். 2005இல் வெளியான அந்த ஆய்வு, செல்லின் அளவோடு ஒப்பிட உட்கரு பெரிதாக இருப்பதையும் பி63 என்ற புரதம் மிகுந்திருப்பதையும் சேர்த்து அடையாளமாக வைத்தது.

பிச்சப்பனின் பாதைதான் மிகவும் வியப்பானது. அயல் தோலை உடம்பு எப்படி அறிகிறது என்ற கேள்வி மனிதர்களில் எச்எல்ஏ மரபணுக்களுக்கு இட்டுச்செல்லும். தென்னிந்தியர்களில் எச்எல்ஏ-டிஆர்2 வகைக்கும் நுரையீரல் காசநோய்க்கும் உள்ள தொடர்பை அவருடைய குழு ஆராய்ந்தது. ஒவ்வொரு சமூகத்திலும் இந்த மரபணுக்கள் வேறு விகிதத்தில் இருப்பதால், மக்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பது அடுத்த கேள்வியானது. 2005இல் தொடங்கிய உலகளாவிய ஜீனோகிராஃபிக் திட்டத்தின் இந்தியப் பணி அவர் பொறுப்பில் மதுரையில் நடந்தது. தமிழ்நாட்டின் 12 பழங்குடிகளையும் 19 பிற சமூகங்களையும் சேர்ந்த 1,680 ஆண்களின் ஒய் குரோமோசோம்களை ஆராய்ந்து 2012இல் வெளியிட்டார்கள். இந்தச் சமூகங்கள் மரபளவில் பிரிந்தது ஏறத்தாழ 4,000 முதல் 6,000 ஆண்டுகளுக்கு முன்பு என்பது அவர்களின் கணிப்பு. பிரிவுக்குப் பொருத்தமான விளக்கமாக அவர்கள் முன்வைத்தது வேளாண்மையின் பரவலை. சாதி அமைப்பு அதற்குப் பிந்தியது என்றும் சொன்னார்கள்.