தொலைவிலுள்ள கணிப்பொறிக்குத் திறவுகோல்

பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்கெல்லையில், பொள்ளாச்சி செல்லும் வழியில் உள்ளது கோபாலபுரம். 2017ஆம் ஆண்டில் சரக்கு சேவை வரி நடைமுறைக்கு வரும்வரை அங்கே வணிக வரிச் சோதனைச் சாவடி இருந்தது. லாரி நிற்கும்; ஓட்டுநர் சரக்குப் பட்டியலை நீட்டுவார்; அலுவலர் அதிலுள்ள முத்திரையை நோக்குவார். முத்திரைக் கட்டையோ வணிகரின் கடையிலேயே இருக்கும். எல்லை வரை வருவது அதன் பதிவு மட்டுமே. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டால் நாம் பேசப் புகும் பொருள் எளிதில் விளங்கும்.

அவ்வெல்லையைக் கடந்தும், அதற்கப்பால் நெடுந்தொலைவு சென்றும், பெங்களூரிலும் புனேயிலும் ஐதராபாத்திலும் கணிப்பொறித் தொழிலில் அமர்ந்துள்ள தமிழர் பலர். அவர்கள் ஆளும் 'சர்வர்' என்னும் பொறி கண்ணுக்கெட்டாத வேறோர் ஊரில் இருக்கும். இருந்த இடத்திலிருந்தே அதனுள் நுழைந்து ஆணையிட வேண்டும். நுழைபவர் உரியவரே என்பதை அப்பொறி எவ்வாறு அறியும்?

முன்னாளில் கடவுச்சொல்லே போதுமென்றிருந்தனர். 'டெல்நெட்' என்ற முறையில் அச்சொல், அஞ்சலட்டையில் எழுதிய செய்திபோல, மறைப்பின்றிக் கம்பி வழியே சென்றது. 1995இல் பின்லாந்திலுள்ள ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் எவரோ ஒற்றுக்கேட்டுக் கடவுச்சொற்களைக் களவாடினர். அங்கு ஆராய்ச்சி செய்துவந்த டாட்டு யுலோனென் அவ்வாண்டிலேயே 'எஸ்.எஸ்.எச்.' என்னும் முறையை இயற்றி விலையின்றி வழங்கினார்.

அதில் பயனுற்ற கணிதம் அதற்கும் மூத்தது. டிஃபி, ஹெல்மன் ஆகிய இருவரும் 1976இல் இரட்டைத் திறவுகோற் கருத்தை வெளியிட்டனர். மறு ஆண்டே ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் அதற்கு வழிகண்டனர். பிரிட்டிஷ் அரசுப் பணியிலிருந்த கிளிஃபோர்டு காக்ஸ் 1973லேயே அதனை ஒத்த வழியைக் கண்டுவிட்டார். எனினும் அது 1997 வரை அரசாங்க இரகசியமாகவே கிடந்தது. அறிவுக்குப் பூட்டுப்போட்டால் இப்படித்தான் ஆகும்!

இம்முறையில் நம் கணிப்பொறி இரு திறவுகோல்களை ஒருங்கே ஆக்குகிறது. ஒன்று பொதுத் திறவுகோல்; அதைச் சர்வரில் பதித்து வைக்கிறோம். மற்றது தனித் திறவுகோல். அது நம்மிடமே தங்குகிறது. நாம் நுழைய முற்படும்போது, அந்த ஒரு தொடர்புக்கே உரிய எண்ணொன்றின்மீது தனித் திறவுகோலால் ஒப்பமிட்டு அனுப்புகிறோம். சர்வர் பொதுத் திறவுகோலால் அதனைச் சரிபார்க்கிறது. வழியில் எவரேனும் அவ்வொப்பத்தைக் கவர்ந்தாலும் மறுமுறைக்கு உதவாது. சாவடி முத்திரையைப் பார்த்துப் போலி செய்யலாம். இதனைச் செய்ய இயலாது.

நிற்க. கணிதம் காப்பதை நம் கவனக்குறைவு இழக்கக்கூடும். 'திறவுகோலை அனுப்புங்கள்' என்று அலுவலகம் கேட்டால், பெயரின் முடிவில் 'பப்' என்றுள்ள பொதுக் கோப்பையே அனுப்புக. தனித் திறவுகோல் எவருக்கும், மேலதிகாரிக்கும்கூட, உரியதன்று. ஊருக்கு வரும் இரயிலில் மடிக்கணிப்பொறி களவுபோகலாம். ஆதலின் தனித் திறவுகோலுக்கே நீண்டதொரு மறைதொடர் இட்டு வைத்தல் வேண்டும். களவு நேர்ந்தால் அன்றே சர்வரிலுள்ள பொதுத் திறவுகோலை நீக்கிவிட வேண்டும்.

பலரும் மறப்பது மற்றொன்று. சர்வரில் வெறுமனே பதித்த திறவுகோலுக்குக் காலவரையறை இல்லை. ஒருவர் வேலையை விட்டு வேறு மாநிலம் சென்றபின்னும், அவரது திறவுகோல் பட்டியலில் இருக்கும்வரை கதவு திறந்துகொண்டேயிருக்கும். பின்னர்க் களவு நேர்ந்தால் ஐயம் அவர்மீதே விழும். எனவே விடைபெறுவோர் தம் பெயரைத் தாமே நீக்கச் சொல்லி, அதற்கு எழுத்து மூலம் உறுதி பெறுவது தகும்.

முதன்முறை நுழைகையில் சர்வர் தன் 'விரல்ரேகை' என்னும் எழுத்துத் தொடரைக் காட்டி, ஏற்கலாமா என்று வினவச் செய்யும். படியாமலே 'ஆம்' என்போர் மிகுதி. அதனைப் பொறுப்பாளரிடம் தொலைபேசியில் ஒப்புநோக்குக. பின்னொருநாள் அது மாறிவிட்டதென எச்சரிக்கை தோன்றினால், பொறியைப் புதிதாக அமைத்திருக்கலாம். இடையே வேறொருவர் புகுந்துமிருக்கலாம். எது என்று கேட்டறியும்வரை உள்ளே செல்லற்க.