மூவலூர் இராமாமிர்தத்தம்மையாரின் நாவலும் அதன் சான்றுத்தன்மையும்

பரத்தையர் குலத்துப் பிறந்தாள் ஒருத்தி அத்தொழிலை வேண்டாவென விலக்குதலும், அவளை மீட்டும் அதற்கே இழுக்க முதியாள் ஒருத்தி முயலுதலும் தமிழிலக்கியத்துக்குப் புதியன அல்ல. மணிமேகலைக் காப்பியத்தின் இயக்கமே இம்முரணிற் பிறப்பது. மாதவி இந்திரவிழாவில் ஆட வாராமை கண்டு வெகுண்ட சித்திராபதி, பேத்தியையேனும் மீட்பேன் எனச் சூளுரைத்து உதயகுமரனை நாடிச் செல்கிறாள். ஆயின் அக்காப்பியத்தைப் பாடியவர் சாத்தனாரே; மாதவி அல்லள். அவ்வாழ்வுக்கென விலைப்பட்ட பெண்ணொருத்தி தானே எழுதுகோல் எடுத்து எழுதிய நூலாக 1936இல் வெளிவந்தது ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்னும் நாவல். அதனை எவ்வகை நூலாகக் கொண்டு படித்தல் தகும் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

ஆசிரியர் மூவலூர் இராமாமிர்தத்தம்மையார் (1883–1962). பத்து ரூபாய்க்கும் ஒரு பழம்புடவைக்கும் தாசி ஒருத்தியிடம் சிறுமியாயிருக்கையில் அவர் விற்கப்பட்டார் என அவர்தம் வரலாறு கூறும். ஆடலும் பாடலும் பயின்றார். பின்னர்த் தமக்கு இசை கற்பித்த ஆசிரியரையே மணந்துகொண்டார். காங்கிரசிலும், அதன்பின் சுயமரியாதை இயக்கத்திலும் நின்று பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்து ஊர்ஊராகப் பேசினார். 1938இல் திருச்சியினின்று சென்னைக்குச் சென்ற இந்தி எதிர்ப்புப் படையிலும் நடந்தார்.

நாவலின் கதை எளிது. போகசிந்தாமணி என்னும் தாய்க்கிழவி தன் மகளிர் காந்தாவையும் கானவதியையும் பழக்கி, சோமசேகரன் என்னும் மைனரின் செல்வத்தைச் சூறையாடுகிறாள். பாத்திரங்கள் நீண்ட சொற்பொழிவு ஆற்றுகின்றன; தற்செயல்கள் மிகுதி. கலைநயம் ஒன்றையே அளவுகோலாகக் கொள்வார் இதனைத் தாழ்வாக மதிப்பிடுவர். அக்குறைகளை யாமும் மறுத்திலேம். ஆனால் இந்நூல் தரும் பயன் வேறு. எவரை எவர் பழக்குகிறார், நோய் நடிப்பதும் ஊடல் நடிப்பதும் எப்போது, நகை எவ்வழியில் கைமாறுகிறது, தரகருக்கு என்ன பங்கு என்பனவற்றை உள்ளிருந்து கண்டார் ஒருவரே இத்துணை நுணுக்கமாகச் சொல்லவியலும். பரத்தையர் சூழ்ச்சி கூறும் விறலிவிடு தூதுகளும் இச்செய்திகளைக் கூறுவன. எனினும் அவை பொருளிழந்த ஆடவன் வாயிலாக வருவன. இராமாமிர்தத்தம்மையார் கூறுவதோ ஒரு தொழிலின் கணக்கு.

இங்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. நூலின் பெயரிலேயே வலை விரிப்பவர் தாசிகள், வீழ்பவன் மைனர். விற்கப்பட்ட சிறுமியாய் வாழ்வைத் தொடங்கிய ஆசிரியர், விற்றாரையும் வாங்கினாரையும் விடுத்துத் தாசியரையே குற்றவாளிகளாக்கியது ஏன்? மைனர்களை விழிக்கச் செய்தால் தொழில் தானே வற்றும் என அவர் எண்ணினார் போலும். மேலும், போகசிந்தாமணியை அவர் பழிப்பது குலத்தாள் என்பதற்காக அன்று. மகளிரை முதலாக வைத்து வாழ்பவள் என்பதற்காகவே. பொட்டறுத்து மணம்புரியத் துணியும் தாசியரை அவர் உயர்த்தியே பேசுகிறார்.

1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டமே இவ்வாழ்வுக்கெனச் சிறுமியரை விற்றலையும் வாங்கலையும் குற்றமாக்கியிருந்தது. எனினும் தத்து என்னும் பெயரால் அது நடந்தேறியது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927இல் சென்னைச் சட்டமன்றத்தில் பொட்டுக்கட்டுதலை ஒழிக்கத் தீர்மானம் கொணர்ந்தார். பெங்களூர் நாகரத்தினம்மாள் முதலியோர், தம் கலையும் உரிமையும் அழியுமென அம்முயற்சியை எதிர்த்தனர். அவர் வாதத்தை வெறும் தன்னலம் எனத் தள்ளுதல் நேரிதன்று. அவ்வெதிர்ப்புக்கு அக்குலத்தினின்றே விடை கூறியமையால் இராமாமிர்தத்தம்மையாரின் குரல் தனி வலிமை பெற்றது. இறுதியில் 1947ஆம் ஆண்டின் 31ஆம் சட்டம் பொட்டுக்கட்டுதலை விலக்கி, பொட்டுக்கட்டப்பட்டவர் புரியும் திருமணம் செல்லும் என்றது.

கோயிலைச் சார்ந்த வழக்கத்தை அச்சட்டம் விலக்கியது. பெருநகரத் தெருக்களில் நிகழும் வாணிகம் வேறு. அதற்கென 1956இல் நாடு முழுமைக்கும் சட்டம் இயற்றப்பெற்றது. 1986இல் திருத்தமும் புதுப்பெயரும் பெற்ற அச்சட்டம் தரகரையும் விடுதி நடத்துவாரையும் தண்டிப்பது உண்மையே. ஆயின் அதன் 8ஆம் பிரிவின்படி, பொதுவிடத்தில் ஆள் அழைக்கும் பெண்ணுக்கு முதன்முறையிலேயே ஆறு திங்கள் வரை சிறை விதிக்கலாம். அதே குற்றம் புரியும் ஆடவனுக்கு மேலெல்லை மூன்று திங்களே. மைனரைக் காப்பாற்றி மோசவலையை மட்டும் அறுக்க முயலும் பார்வை நாவலோடு முடிந்ததன்று என்பதற்கு இப்பிரிவே சான்று.

நாவலை மட்டும் கொண்டு அவரை மதிப்பிடுதல் போதாது. ‘குடி அரசு’ இதழில் அவர் எழுதியவற்றையும் உடன்வைத்துப் பயின்றால், குற்றம் எவர்மேற்று என்பதில் அவர் கருத்து மாறிய இடங்கள் புலனாகக்கூடும். முதுகலை மாணவர் எவரேனும் இப்பணியை மேற்கொள்வாராக.