திடீர் மூச்சுத்திணறல்... 'கேஸ்'னு விட்டுடாதீங்க! நுரையீரல் ரத்தக்கட்டி எவ்வளவு ஆபத்து? சிகிச்சை என்ன?

2017 செப்டம்பர். டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸுக்கு சிசேரியனில் பெண் குழந்தை பிறந்தது. மறுநாளே அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. சி.டி. ஸ்கேன் எடுக்கணும், ஹெப்பாரின் மருந்து ஏத்தணும்னு அவரே நர்ஸிடம் கேட்டார். வலி மருந்தால் குழம்பிப்போய்ப் பேசுகிறார் என்று நர்ஸ் நினைத்துவிட்டார். டாக்டர் காலில் அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. செரீனா விடவில்லை. கடைசியில் சி.டி. ஸ்கேன் எடுத்தால், நுரையீரலில் பல சிறிய ரத்தக்கட்டிகள்!

அவருக்கு எப்படித் தெரிந்தது? 2010-ல் உடைந்த கண்ணாடி குத்தி பாதத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், 2011 தொடக்கத்தில் இதே பிரச்னைக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தார். ஒருமுறை பட்டவருக்கு அறிகுறி தெரியும். முதல்முறை வருபவருக்கு?

கட்டி எங்கிருந்து வருது?

மருத்துவப் பெயர் 'பல்மனரி எம்போலிசம்'. இது புற்றுநோய்க் கட்டி இல்லை. பெரும்பாலும் நுரையீரலில் உருவாவதும் இல்லை. கால், தொடை, இடுப்பின் ஆழமான ரத்தக்குழாயில் உறையும் ரத்தம் பிய்ந்து, இதயத்தின் வலதுபக்கம் வழியாகப் போய் நுரையீரல் குழாயில் அடைத்துக்கொள்ளும். அடைப்பை எதிர்த்து ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயத்தின் வலதுபக்கம் திணறும், பி.பி. இறங்கும். கட்டி பெரிசா இருந்தா சில நிமிஷத்துலயே உயிர் போகலாம்.

2003 ஏப்ரலில் ஈராக் போரை ராணுவத்தோடு போய் நேரலையில் காட்டிய என்.பி.சி. செய்தியாளர் டேவிட் ப்ளூம் 39 வயதில் இறந்தது இதனால்தான். குண்டு எதுவும் படவில்லை. வாகனத்துக்குள் நாள்கணக்கில் காலை மடக்கிக்கொண்டே பயணம் செய்திருந்தார். இறப்பதற்கு முன் கால் வலி இருந்ததாகவும் சொல்லியிருந்தார்.

யாருக்கு வரும்?

இடுப்பு, முழங்கால் ஆபரேஷன் செய்தவர்கள், காலில் மாவுக்கட்டு போட்டவர்கள், கர்ப்பிணிகள், பிரசவமாகி சில வாரங்களே ஆனவர்கள், புற்றுநோயாளிகள், ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள், நீண்ட நேரம் விமானத்தில் உட்கார்ந்தே போகிறவர்கள், குடும்பத்தில் யாருக்காவது வந்திருப்பவர்கள் என எல்லோரும் கவனமாக இருக்க வேண்டும். பிள்ளை பெற்றவளைக் கட்டிலை விட்டே இறங்கவிடாத பாசம் இந்த விஷயத்தில் உதவாது. டாக்டர் நடக்கச் சொன்னால் நடக்கத்தான் வேண்டும்.

திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுக்கும்போது குத்தும் நெஞ்சுவலி, படபடப்பு, மயக்கம், இருமலில் ரத்தம், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும்... இவைதான் அறிகுறிகள். எல்லாம் சேர்ந்து வரணும்னு இல்லை. 'கேஸ்', 'பதற்றம்' என்று சோடா குடித்துவிட்டுப் படுத்துவிடுவதில்தான் நேரம் போகிறது. உடனே 108-ஐ அழையுங்கள். சமீபத்தில் ஆபரேஷனோ பிரசவமோ நடந்திருந்தால் டாக்டர் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.

உறுதி செய்வது சி.டி. ஸ்கேன்தான். கையில் சாய மருந்து ஏற்றி எடுப்பார்கள். 'டி-டைமர்' என்ற ரத்தப் பரிசோதனை, வாய்ப்பு குறைவாக உள்ளவர்களுக்கு நோய் இல்லை என்று சொல்ல உதவும். ஆபரேஷன், பிரசவத்துக்குப் பிறகு அந்த அளவு எப்படியும் கூடியிருக்கும் என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது. கால் ஸ்கேன் நார்மல்னு வந்தாலும் நுரையீரலில் கட்டி இருக்கலாம். செரீனாவுக்கு நடந்தது அதுதான்.

மாத்திரை கட்டியைக் கரைக்குமா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், ஆனால் இல்லை. ஹெப்பாரின் ஊசியும், வார்ஃபரின், ரிவரோக்ஸாபன், அபிக்ஸாபன் போன்ற மாத்திரைகளும் கட்டி மேலும் வளராமல், புதிதாக உருவாகாமல் தடுக்கும். இருக்கும் கட்டியை உடம்பே மெல்ல மெல்லக் கரைத்துக்கொள்ளும். கர்ப்பிணிகளுக்குப் பொதுவாக இந்த மாத்திரைகள் கிடையாது, ஹெப்பாரின் வகை ஊசிதான்.

பி.பி. இறங்கி உயிருக்குப் போராடுபவருக்கு மட்டும் கட்டியை நேரடியாகக் கரைக்கும் ஆல்டிபிளேஸ் போன்ற மருந்து கொடுப்பார்கள். குழாய் செலுத்தி கட்டியை உறிஞ்சி எடுப்பதும், அறுவை சிகிச்சையும் உண்டு. கரைக்கும் மருந்தை எல்லோருக்கும் கொடுத்தால் என்ன? மூளையில்கூட ரத்தக்கசிவு வரலாம் என்பதால்தான் டாக்டர்கள் தயங்குகிறார்கள்.

இந்த சிகிச்சையின் சிக்கலும் செரீனா கதையிலேயே இருக்கிறது. இருமி இருமி சிசேரியன் தையல் பிரிந்தது. உறைவைத் தடுக்கக் கொடுத்த மருந்தால் வயிற்றுக்குள் ரத்தம் கசிந்து தேங்கியது. மறுபடி ஆபரேஷன். மேலும் கட்டிகள் நுரையீரலுக்குப் போகாமல் இருக்க, பெரிய ரத்தக்குழாயில் வடிகட்டி மாதிரி ஒரு கருவி வைத்தார்கள். வீட்டுக்கு வந்தும் ஆறு வாரம் படுக்கைதான்.

எத்தனை நாள் மாத்திரை?

குறைந்தது 3 மாதம். காரணமே தெரியாமல் வந்திருந்தாலோ, திரும்ப வந்தாலோ பல வருடம்கூட ஆகலாம். மூச்சு சரியாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தினால் மறுபடி கட்டலாம். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையைச் சேர்த்துப் போட்டால் ரத்தக்கசிவு வரலாம். வார்ஃபரின் எடுப்பவர்கள் கீரையை விடத் தேவையில்லை. ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் சுத்தமாக இல்லை என்று மாற்றிமாற்றிச் சாப்பிடக் கூடாது, அவ்வளவுதான். ஐ.என்.ஆர். டெஸ்ட்டைத் தவறவிடாதீங்க. பல் பிடுங்கப் போனாலும் இந்த மாத்திரை போடுவதை முதலில் சொல்லணும். மலம் கறுப்பாகப் போனாலோ, தலையில் அடிபட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

3 மாதம் மாத்திரை போட்டும் படியேறினால் மூச்சு வாங்குதா? சிலருக்குப் பழைய கட்டி கரையாமல் தழும்பாகி, நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தத்தைக் கூட்டிவிடும். எக்கோ எடுத்துப் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். இதற்கும் அறுவை சிகிச்சை இருக்கிறது.